பதவி இழந்த சொற்கள் தங்கிய சலவைக்கடை

அரசு கைவிட்ட சொற்களில் முதலாவது, ஒரு செவ்வாய்க்கிழமை காலை மழையில் நனைந்தபடி, கையில் பை எதுவும் இல்லாமல் சலவைக்கடை அக்காவின் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. கதவைத் தட்டியது. திறந்ததும் காலைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து, இஸ்திரி மேசைக்கு அடியில் சூடான இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டது. இடுப்பளவு உயரம், கழுத்துவரை பொத்தான் போட்ட பழைய கோட்டு, முன்பற்களில் ஒன்று இல்லை. எங்கும் எழுதி ஒட்டியிருக்கவில்லை. ஆனாலும் அது ‘மூடன்’ என்கிற சொல் என்பது பார்த்த மாத்திரத்தில் யாருக்கும் தெரிந்துவிடும். அக்காவுக்கும் தெரிந்தது. ஈரத்தோடு உட்கார்ந்தால் சளி பிடிக்கும் என்று ஒரு துண்டை எடுத்துப் போட்டாள். மருத்துவமனைப் படுக்கை விரிப்புகள் அன்று மலையாகக் குவிந்து கிடந்ததால் வேறு எதையும் விசாரிக்க அவளுக்கு நேரமில்லை.

அந்தச் சொல் ஒரு காலத்தில் நன்றாக வாழ்ந்த சொல். அக்காவின் தம்பி கைக்குழந்தையாக இருந்து, தலை நிற்க நாளாகி, வாய் திறக்க அதைவிட நாளானபோது, பெரிய டாக்டர் ஒருவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே தாழ்ந்த குரலில் அதைச் சொன்னார். அப்போது அது டாக்டர்கள் தங்களுக்குள் மட்டும் புழங்கிய சொல். நல்ல மையில் மட்டுமே எழுதப்பட்டது. இவ்வளவு பெரிய மனிதர் இவ்வளவு பெரிய சொல்லைத் தன் பிள்ளைக்குத் தந்திருக்கிறாரே என்று அம்மா வீடு வரும்வரை அழாமல் இருந்தாள். பிறகு அது மருத்துவமனைப் படியிறங்கிப் பள்ளிக்கூடத்துக்குப் போனது, அங்கிருந்து சந்தைக்குப் போனது. கடைசியில் ஒரு வண்டிக்காரன் தன் குதிரையைப் பார்த்து அதைச் சொல்வதை நலத்துறை இயக்குநரே காதால் கேட்டார். சொல்லில்தான் கோளாறு என்று துறை முடிவு செய்தது. வாயில் கோளாறு இருக்கலாம் என்று யாராவது சொல்லியிருந்தால் அது வேறு துறையின் பொறுப்பாகப் போயிருக்கும்.

ஒரு சொல்லை நீக்குவதற்குத் துறையில் முறையான ஏற்பாடு இருந்தது. பிரிவுபசார விழா நடத்துவார்கள். தேநீர், பிஸ்கட், இயக்குநரின் உரை. இன்று நண்பகலோடு இந்தச் சொல் ஓய்வு பெறுகிறது என்பார்; கைதட்டுவார்கள்; புதிய சொல்லை மேடையேற்றுவார்கள். பிறகு விளக்கை அணைத்து, நாற்காலிகளை அடுக்கிவிட்டு, எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். நீக்கப்பட்ட சொல் எங்கே போகும் என்பது மட்டும் யாருக்கும் தோன்றியதில்லை. சொல்லுக்குத் தெரிந்ததோ ஒரே விலாசம். துறையின் திரைச்சீலைகள் அக்காவின் கடையில்தான் வெளுக்கப்பட்டன. வாராவாரம் மூட்டையோடு துறைக்குப் போய் நின்றவன் தம்பி. புதுச் சொல் வந்தால், யாருக்காவது சூட்டிப் பார்க்க வேண்டுமே என்று அதிகாரிகள் சுற்றுமுற்றும் பார்ப்பார்கள்; மூட்டையோடு அவன் நிற்பான். ஆகவே எல்லாச் சொற்களும் முதலில் அவனோடுதான் வேலைக்குச் சேர்ந்தன. வேலை போனதும் அவன் வீட்டுக்கே வந்தன.

தம்பி அகன்ற தோள்காரன். மீசை வைத்துக்கொள்ள ஆசைப்பட்டு வைத்துக்கொண்டவன். இடது செருப்பு எது, வலது செருப்பு எது என்று காலையில் ஒருமுறை கேட்டுவிடுவான். அறுவைச் சிகிச்சை நிபுணரின் வெள்ளைக் கோட்டை ரொட்டிக்கடைக்காரரிடமும், ரொட்டிக்கடைக்காரரின் மேலங்கியை நிபுணரிடமும் கொடுத்துவிட்டு வந்தது ஒருமுறை அல்ல. ஆனால் விரிப்பு மடிக்க நின்றுவிட்டால் அவன்தான் மேஸ்திரி. பெரிய விரிப்பை ஒருவர் மடிக்க முடியாது. ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, உதறி, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து, முனைகளைச் சேர்க்க வேண்டும். “ஓரம்! ஓரம் பாரு!” என்று அக்காவைத் திட்டுவான். “ஆமாண்டா, நீதான் எனக்குச் சம்பளம் தர்ற முதலாளி” என்பாள் அவள். அப்படி நடந்து நெருங்கி வரும்போதுதான், விரிப்புக்கு மேலாக, அவனை வீட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். தாழ்ந்த குரலில் சொல்வதால் தெருவுக்கு அது கேட்காது. யார் எந்தச் சொல்லால் அழைத்தாலும் திரும்பிப் பார்க்காதவன் அந்தப் பெயருக்கு மட்டும், எங்கே இருந்தாலும், வந்துவிடுவான்.

அவனுக்கு எல்லோருக்கும் பெயர் வைக்கும் பழக்கமும் உண்டு. பேசுமுன் ஒவ்வொரு முறையும் தொண்டையைக் கனைக்கும் இயக்குநருக்கு ‘தொண்டை’. எதிர்க்கடையில் பூட்டு விற்பவருக்கு, காரணம் யாருக்கும் தெரியாது, ‘வியாழக்கிழமை’. அவரும் பல வருஷங்கள் ஆட்சேபித்துப் பார்த்துவிட்டுக் கடைசியில் அந்தப் பெயருக்கே திரும்பிப் பார்க்க ஆரம்பித்தார். மேசைக்கு அடியில் வந்து உட்கார்ந்த சொல்லுக்குத் தம்பி ‘பெரிசு’ என்று பெயர் வைத்தான். தட்டில் பாதி ரொட்டியைப் பிய்த்து அதன் பக்கம் தள்ளினான். “பல்லு இல்ல, மெதுவா தின்னு” என்றான். அது தின்றது.

அடுத்து வந்தது ‘மந்தபுத்தி’. பள்ளிக்கூடங்களில் நெடுநாள் உழைத்த சொல்; தோளெல்லாம் சாக்பீஸ் தூள், கையில் ஒடிந்த பிரம்பு. தம்பி அதற்கு ‘வாத்தி’ என்று பெயர் வைத்தான். இதனோடு மட்டும் அக்காவால் ஒட்ட முடியவில்லை. துறையின் பெரிய திரைச்சீலை ஒன்றில் தம்பி இஸ்திரிப் பெட்டியை வைத்தபடி வேடிக்கை பார்த்து நின்று, முழங்கை நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்த நாளில், அவள் அந்தச் சொல்லை எடுத்து அவன் மேல் வீசியிருக்கிறாள். ஒரே ஒரு முறைதான். வாத்திக்கு அவள் குரல் ஞாபகம் இருந்தது. ஞாபகம் இருப்பது அவளுக்கும் தெரிந்தது. அவள் அதற்குத் தேநீர் ஊற்றும்போது வேறு பக்கம் பார்த்தாள். அது குடிக்கும்போது சுவரைப் பார்த்தது.

சில வருஷம் கழித்து ‘மனவளர்ச்சி குன்றியவர்’ குனிந்து நிலைப்படியைத் தாண்டி வந்தது. நல்ல உயரம், கண்ணியமான நடை. ‘அவர்’ போட்டுத்தான் பேசும். அது ‘நீட்டு’. ஸ்டூல் போடாமலே மேல்கொடியில் துணி உலர்த்தும் என்பதால் வந்த அன்றே வேலைக்கு ஆகிவிட்டது. அதன் பதவி பறிபோன பிறகு வந்த சொல் ‘சிறப்புக் குழந்தை’. மீசையில் நரை தெரிய ஆரம்பித்த வயதில் தம்பி அரசு முறைப்படி குழந்தையானான். விழாவில் அவனுக்குப் பலூன் கொடுத்தார்கள். இயக்குநர் கன்னத்தைக் கிள்ளினார். தம்பி பதிலுக்கு அவர் கன்னத்தைக் கிள்ளினான், கொஞ்சம் பலமாகவே. சொல்லும் கொஞ்ச நாள் கொஞ்சலாக இருந்தது. பிறகு கால்பந்து மைதானத்தில் கோலைத் தவறவிட்டவனைப் பார்த்து, “ஏய் சிறப்புக் குழந்தை!” என்று எவனோ கத்த, அதுவும் ஜரிகை வைத்த கவுன் கிழிந்து அக்காவின் வாசலில் வந்து நின்று மூக்கை உறிஞ்சியது. ‘பாப்பா’ என்று பெயர் வைத்து, காலுறைகளை ஜோடி சேர்க்கும் வேலையைத் தம்பி அதற்குக் கொடுத்தான். ஜோடி சேராத காலுறைகளைக் கண்டால் அது அழும். “அழாத, இன்னொண்ணு வரும்” என்று அவன் சமாதானம் சொல்வான்.

நாலு சொற்களும் வெளியே போவதில்லை. தெருவில் கால் வைத்தால் யாராவது கையில் எடுத்து அடுத்தவர் மேல் வீசிவிடுவார்கள். எறிபட்ட இடத்தில் அவர்களுக்கு வலிக்கிறதோ இல்லையோ, சொல்லுக்கு ஓர் எலும்பாவது பிசகும். ஆகவே உள்ளேயே இருந்து பொத்தான் தைத்தன, கஞ்சி கலக்கின, மாலையில் தம்பியோடு உட்கார்ந்து வானொலி கேட்டன. கடைக்கு வருகிறவர்களுக்கும் பழகிவிட்டது. “என் சட்டைய பெரிசுகிட்ட குடு அக்கா, அது கை நிதானம்” என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள்கூட உண்டு.

இந்த நிலையில்தான் இயக்குநர் தன் வாழ்நாள் சாதனையாக ஒரு சொல்லைக் கண்டுபிடித்தார். பல குழுக்கள் பல ஊர்களுக்குப் போய்த் தங்கி, நன்றாகச் சாப்பிட்டு, ஆலோசித்து, ஒன்றோடொன்று சண்டை போட்டு அதை உருவாக்கியிருந்தன. ‘பன்முக அறிவுநிலைப் பயணி.’ இது கெடவே கெடாது, ஏனென்றால் இவ்வளவு நீளமான ஒன்றை எடுத்து வீச எவனுக்கும் மூச்சு போதாது என்று இயக்குநர் மேடையில் விளக்கினார். சொல் மடிப்புக் கலையாத உடையில், புதுச் செருப்பு கடிக்கிற முகத்தோடு, தம்பியின் பக்கத்தில் நின்றது. அவன் அதன் சட்டைக் காலரைத் தடவிப் பார்த்து, “கஞ்சி ஜாஸ்தி” என்றான்.

புதுச் சொல்லோடு புது விதியும் வந்தது. அந்தச் சொல் சூட்டப்பட்டவர் வாழும் வீட்டில் பழைய சொற்கள் எதுவும் இருக்கக் கூடாது. இருந்தால், அவரை ஊருக்கு வெளியே புதிதாகக் கட்டிய மரியாதை இல்லத்துக்கு மாற்ற வேண்டும். இல்லத்தின் சுவர் உயரம். உள்ளே எல்லோரையும் ‘தாங்கள்’ என்றுதான் அழைப்பார்கள். விரிப்புகளை இயந்திரம் மடிக்கும். இயக்குநர் குமாஸ்தாவோடு சோதனைக்கு வந்தபோது பெரிசு பொத்தான் தைத்துக்கொண்டிருந்தது, நீட்டு கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தது, பாப்பா காலுறைக் குவியலுக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. வாத்தி மட்டும் எழுந்து நின்று வணக்கம் சொன்னது.

இயக்குநர் தொண்டையைக் கனைத்தார். “என்னம்மா இது? நாங்க விழா வெச்சு அனுப்பினதையெல்லாம் நீங்க வீட்டுல வெச்சு சோறு போடறீங்க?”

“வந்தாங்க சார். இருக்காங்க.”

“இதுங்க இவரை எவ்வளவு கேவலப்படுத்தின சொற்கள்னு தெரியுமா?”

“இதுங்க சும்மாதான் சார் இருக்கு. எடுத்து வீசினவங்கதான் ஒருத்தரும் இங்க வரல.”

குமாஸ்தா இருமுவதுபோல் பாவனை செய்து சிரிப்பை விழுங்கினார். மறுநாள் காலைக்குள் சொற்கள் வெளியேற வேண்டும், இல்லாவிட்டால் வண்டி வரும் என்று இயக்குநர் அறிவித்தார். வாசலில் செருப்பை மாட்டும்போது, பதவியை ஒரு நிமிஷம் கழற்றி வைத்த குரலில், “கோவப்படாம யோசிங்கம்மா. உங்களுக்கும் வயசாகுது. உங்களுக்கு அப்புறம் இவருக்கு யாரு?” என்றார். அவர் கேட்பதற்கு வெகுநாள் முன்பே அக்கா, ஒவ்வொரு விரிப்பின் மறுமுனையிலும் தம்பியின் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் தன்னைத் தானே கேட்டு, பதில் கிடைக்காமல் மடித்து வைத்த கேள்வி அது.

அன்று பிற்பகல் அவள் சொற்களைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள். அவை விழாக்களில் பழகியவை. போகச் சொன்னால் போகத் தெரியும். பெரிசு ஊசியை அதன் இடத்தில் குத்தி வைத்தது. நீட்டு, “தங்களுக்குச் சிரமம் கொடுத்துவிட்டோம்” என்றது. வாத்தி பாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டது. தம்பி மருத்துவமனைக்கு மூட்டை கொண்டுபோயிருந்த நேரமாகப் பார்த்துத்தான் அக்கா இதைச் செய்தாள். திரும்பி வந்தவன் மேசைக்கு அடியில் பார்த்தான், கொடிப்பக்கம் பார்த்தான், காலுறைக் குவியலைக் கிளறிப் பார்த்தான். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு இஸ்திரிப் பெட்டியை அழுத்தினாள். அவன் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு வெளியே போனான்.

தெருமுனையில் அதற்குள் பெரிசை ஒரு லாரிக்காரர் இன்னொரு லாரிக்காரர் மேல் வீசியிருந்தார். வாத்தியை ஒரு தகப்பன் மகனின் மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு ஓங்கி எறிந்திருந்தார். தம்பி வீசியவர்களைத் தாண்டிப் போனான். சாலையில் கிடந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகப் பொறுக்கி, மண்ணைத் தட்டி, பாப்பாவைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊர்வலமாக வந்து சேர்ந்தான். நொண்டிக்கொண்டு வந்த வாத்தியை அக்காவின் முன்னால் நிறுத்தினான்.

“அடிபட்டிருக்கு. மருந்து போடு.”

“டேய், இவங்க இருந்தா உன்னைக் கூட்டிட்டுப் போயிடுவாங்கடா.”

“நான் போகல,” என்றான். விஷயம் முடிந்துவிட்டது என்பதுபோல் ரொட்டி இருக்கிறதா என்று பார்க்கப் போனான். அக்கா உட்கார்ந்து, வாத்தியின் கணுக்காலில் மருந்து தடவினாள். இவ்வளவு வருஷத்தில் முதல் தடவையாக அதன் முகத்தைப் பார்த்தாள். பயந்த முகம்தான்.

காலையில் மரியாதை இல்லத்தின் வண்டி வந்தது. யாரையும் கையைப் பிடித்து இழுத்துப்போக விதியில் இடமில்லை, மரியாதைக் குறைவாகிவிடும். அதிகாரி உரிய சொல்லால் அழைக்க வேண்டும், அழைக்கப்பட்டவர் பதில் சொல்ல வேண்டும், தாமாக நடந்துவந்து ஏற வேண்டும். இயக்குநர் வாசலில் நின்று கனைத்து, தெருவே கேட்கும்படி, “பன்முக அறிவுநிலைப் பயணி அவர்களே!” என்றார். தம்பி ஒரு சட்டையின் காலரைத் திருப்பி இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான், காது அசையவில்லை. இன்னொரு முறை அழைத்தார்.

“இருக்கேன் சார்,” என்று துணிக்கூடைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

புதுச் சொல்தான். விடியும்போதே வந்து படுத்திருக்கிறது. மடிப்புக் கலையாத உடை முழங்காலில் கிழிந்திருந்தது, ஒரு செருப்பைக் காணோம், நீளத்தில் பாதி எங்கேயோ உதிர்ந்துவிட்டிருந்தது. இயக்குநருக்குப் பெற்ற பிள்ளையைக் காவல் நிலையத்தில் பார்த்த தகப்பனின் முகம்.

“உனக்கு யாரு... என்ன ஆச்சு?”

“சிக்னல்ல ஒரு சைக்கிள்காரர் மெதுவா போனார் சார். உங்க டிரைவர் கண்ணாடிய இறக்கி, ‘யோவ் பன்முகம், தள்ளுய்யா’ன்னு...” அது தலையைக் குனிந்துகொண்டது.

டிரைவர் அவசரமாகக் கீழே குனிந்து சக்கரத்தில் காற்று இருக்கிறதா என்று அமுக்கிப் பார்த்தார். எதிர்க்கடைப் பூட்டுக்காரர், “முழுசாச் சொல்லத்தான் மூச்சு வேணும், பாதி போதும்போல” என்று யாரிடமும் இல்லாமல் பொதுவாகச் சொன்னார். தம்பி எழுந்து போய், வந்த சொல்லுக்குத் தன் தேநீரை நகர்த்தினான்.

இயக்குநர் வெகுநேரம் தொண்டையைக் கனைத்தார். பிறகு அக்காவிடம் வந்து குரலை இறக்கினார். “நீங்க கூப்பிட்டா வருவார்னு சொல்றாங்களே. வீட்டுல ஏதோ பேர் சொல்லிக் கூப்பிடுவீங்களாமே. ஒரு தடவை கூப்பிடுங்கம்மா. வண்டியில உட்கார்ந்துட்டா அப்புறம் பழகிடும். அவர் நல்லதுக்குத்தான்.” குமாஸ்தா உற்சாகமாகி, “அந்தப் பேர் என்னன்னு சொன்னா அடுத்த குழுவுக்கும் உபயோகமா இருக்கும்” என்று சேர்த்துக்கொண்டார். கூப்பிட்டால் தன் குரலுக்கு அவன் வண்டியில் ஏறிவிடுவான் என்பது அக்காவுக்கு நன்றாகத் தெரியும். அவள் பயந்தது அதற்குத்தான்.

“அந்தப் பேர் உங்க கைக்கு வேணாம் சார்,” என்றாள். “அஞ்சு பேருக்குத்தான் வீட்டுல இடமிருக்கு. அதையும் கொண்டுபோய் மேடையேத்தி, நாலு வருஷம் கழிச்சு கைகால் ஒடிச்சு அனுப்புனீங்கன்னா, அப்புறம் நான் அவனை எதைச் சொல்லிக் கூப்பிடறது?”

அழைக்க உருப்படியான சொல் இல்லாததால், விதிப்படி ஏற்றிப் போக ஆளும் இல்லை. வண்டி காலியாகத் திரும்பியது. காலியாகப் போனால் டீசலுக்குக் கணக்குக் காட்ட முடியாது என்று குமாஸ்தா இரண்டு திரைச்சீலைகளை வாங்கிப் போட்டுக்கொண்டு போனார்.

அதன்பின் இயக்குநர்கள் மாறினார்கள், துறையின் பெயரே மாறியது, சொற்களும் மாறிக்கொண்டிருந்தன. முதலில் பத்து வருஷம் தாக்குப்பிடித்தவை பிறகு ஐந்து, பிறகு மூன்று என்று சீக்கிரம் சீக்கிரமாக வரத் தொடங்கின. அக்கா பின்பக்கம் ஓர் அறை இழுத்துக் கட்டினாள். புதிதாக வருகிறவை முதல் சில நாள் துறையிலிருந்து ஆள் வந்து திரும்ப அழைத்துப்போவார்கள் என்று வாசலையே பார்க்கும். பெரிசு அவற்றின் கையில் ஊசியைக் கொடுத்து உட்கார வைக்கும். இதில் ஊர் பெரிதாக ஒன்றும் பேசவில்லை. சலவை சுத்தமாக இருந்தது.

அக்கா படுக்கையில் விழுந்த மழைக்காலத்தில், ஒரு மாலை, வாத்தியை மட்டும் தனியாகக் கூப்பிட்டாள். வீட்டுப் பெயர் எல்லாச் சொற்களுக்கும் தெரியும். ஒரே கூரையின் கீழ் இருந்து கேட்காமல் இருக்குமா? ஆனால் ஒன்றுகூட அதை வாயில் எடுத்ததில்லை. ஒரு சொல் பல வாய்களில் புரண்டால் என்ன ஆகும் என்பது அவற்றைவிட யாருக்குத் தெரியும்?

“எனக்கு அப்புறம் நீ கூப்பிடு,” என்றாள்.

வாத்தி தன் சாக்பீஸ் தூள் படிந்த கைகளைப் பார்த்துக்கொண்டது. “என் வாயாலயா? நீட்டு இருக்கு, மரியாதையா பேசும். பாப்பா இருக்கு...”

“உன் வாயாலதான். அன்னிக்கு உன்னை எடுத்து அவன் மேல வீசினேன். நீ ஒரு நாளும் திருப்பிச் சொல்லிக் காட்டல.” அவள் மூச்சு வாங்கிக்கொண்டாள். “மெதுவா கூப்பிடு. கத்தினா வரமாட்டான்.”

அவள் போன பிறகு தம்பி இஸ்திரி மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துவிட்டான். சாப்பிடவில்லை. பூட்டுக்கடைக்காரர் வந்து அய்யா என்றார், ராஜா என்றார், கடைசியில் கண் கலங்கி, “டேய், வியாழக்கிழமை வந்திருக்கேண்டா” என்றார். துறையிலிருந்து வந்தவர் அந்த வருஷத்துச் சொல்லைச் சொன்னார்; அது பின்னறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. மருத்துவமனை விரிப்புகள் வாசல்வரை சேர்ந்துவிட்டன. நீட்டும் பெரிசும் ஒன்றை எடுத்து மடிக்கப் பார்த்தன. ஒருவர் அவ்வளவு உயரம், ஒருவர் இவ்வளவு குள்ளம், விரிப்பு தரையைப் பெருக்கியது.

மூன்றாம் நாள் காலை வாத்தி விரிப்பின் ஒரு பக்கத்து முனைகளைப் பிடித்துக்கொண்டு, மறுபக்கத்தைத் தரையில் விட்டு நின்றது. பிறகு அந்தப் பெயரைச் சொன்னது. பிரம்பும் சாக்பீஸும் சேர்ந்த கரகரப்பில் எவ்வளவு தாழ்ந்த குரல் வருமோ அவ்வளவு தாழ்ந்த குரலில், ஒரே ஒரு முறை.

தம்பி தலையைத் தூக்கினான். யார் கூப்பிட்டது என்று பார்த்தான். எழுந்து வந்து, தரையில் கிடந்த இரண்டு முனைகளை எடுத்து உதறி, வாத்தியை நோக்கி நடக்க ஆரம்பித்தான்.

அன்றைய விரிப்புகள் எல்லாம் வழக்கமான நேரத்துக்கே மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தன.